மூட்டமும் கொழுந்துப் பச்சையும்: மலையகத்தில் படம் எடுப்பவருக்கான பிழை நீக்கும் வழிமுறை

"அண்ணே, லைட்ரூம் சரியில்ல. வேற எது போடலாம்?"

லைட்ரூம் என்பது படம் திருத்தும் மென்பொருள். கல்யாண சீசன் வந்தால் இந்தக் கேள்வி இல்லாமல் எனக்கு ஒரு வாரம் கழியாது. மடிக்கணினியைத் தோளில் மாட்டிக்கொண்டு தம்பிமார் வருவார்கள். ஹட்டனிலிருந்து, தலவாக்கலையிலிருந்து, சில நாள் பஸ் மாறி ஹப்புத்தளையிலிருந்தும் வருவார்கள். மென்பொருளின் பெயரைக் கேட்பதற்கு முன்னால் நான் வேறு மூன்று விஷயம் கேட்பேன். கார்டிலிருந்து படத்தை எப்படி இறக்கினீர்கள்? எங்கே வைத்திருக்கிறீர்கள்? எந்தத் திரையில் பார்க்கிறீர்கள்? பெரும்பாலும் கோளாறு இந்த மூன்றில் ஒன்றில் அகப்பட்டுவிடும். பாவம், மென்பொருள் வீணாகத் திட்டு வாங்குகிறது. அதனால் என்னிடம் வரும் முறைப்பாடுகளை அவர்கள் சொல்லும் வார்த்தையிலேயே எழுதி, எங்கே கை வைக்க வேண்டும் என்று சொல்கிறேன்.

"படம் முழுக்க சுண்ணாம்பு அடிச்ச மாதிரி இருக்கு"

நம் ஊரில் இதுதான் முதல் முறைப்பாடு. மூட்டம் மூன்று இடத்தில் இருக்கலாம்: மலையில், லென்ஸின் மேல், லென்ஸின் உள்ளே. எது என்று தெரியாமல், மூட்டத்தைக் குறைக்கும் டீஹேஸ் ஸ்லைடரை இழுத்தால் படம் அழுக்காகும்.

கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. படத்தில் உங்களுக்கு மிகக் கிட்ட இருக்கும் பொருளைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஒரு தேயிலைச் செடியோ, கையில் இருக்கும் கூடையோ போதும். மலை மூட்டம் என்றால் கிட்ட இருப்பது தெளிவாகவும், தூரம் போகப் போக மங்கிக்கொண்டும் இருக்கும். கிட்டேயும் தூரத்திலும் ஒரே அளவு மங்கல் என்றால் அது லென்ஸில்தான்.

லென்ஸின் மேல் என்றால் ஈரம் படிந்திருக்கும். நுவரெலியா காலைக் குளிரில் வெளியே நின்றுவிட்டுத் தேயிலை ஃபெக்டரிக்குள் நுழைந்தால் கண்ணாடி உடனே வியர்க்கும். உருட்டிய கொழுந்தைப் பரப்பும் அறையில் ஈரப்பதனை வேண்டுமென்றே கூட்டி வைத்திருப்பார்கள். உள்ளே போகுமுன் வெளியிலேயே கமராவைப் பொலித்தீன் பையில் போட்டு இறுக்கிக் கட்டுங்கள். உள்ளே அரை மணி நேரம் வைத்துச் சூடு ஏறிய பிறகு திறங்கள். ஈரம் பையின் வெளியில் படியும், கண்ணாடியில் படியாது.

லென்ஸின் உள்ளே என்றால் பூஞ்சணமாக இருக்கலாம். லென்ஸைக் கழற்றி, பின்பக்கம் போனின் டோர்ச்சைப் பிடித்து முன்பக்கமாகச் சாய்த்துப் பாருங்கள். சிலந்தி நூல் போலக் கிளை விட்டிருந்தால் அதுதான். ஆரம்பம் என்றால் லென்ஸ் திருத்துபவர் துடைத்து எடுத்துவிடுவார். நாள்பட்டால் கண்ணாடிப் பூச்சையே அரித்துவிடும். மஸ்கெலியா, ஹட்டன் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவ மழை. பதுளை, பண்டாரவளைப் பக்கம் டிசெம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவ மழை. அந்த மாதங்களில் தோல் பைக்குள் கமராவைப் பூட்டி வைப்பது பூஞ்சணத்துக்கு வீடு கட்டிக்கொடுப்பதற்குச் சமம். காற்றுப் புகாத மூடி உள்ள பிளாஸ்டிக் பெட்டி, நிறம் மாறும் சிலிக்கா ஜெல், சின்ன ஈரப்பதமானி ஆகிய மூன்றும் போதும். முள் 40க்கும் 50க்கும் இடையில் நின்றால் நல்லது. ஜெல் நிறம் மாறியதும் சூடாக்கிக் காயவைத்துத் திரும்பப் போடலாம். அரிசிக்குள் புதைக்கச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். வேண்டாம், அதன் தூசி லென்ஸ் வளையங்களுக்குள் போகும்.

இனி மலை மூட்டம். இங்கே தவறு பெரும்பாலும் எடுக்கும்போதே நடக்கிறது. கமராவின் ஒளிமானி எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் என்றே எண்ணிக்கொள்ளும். வெள்ளை மூட்டத்தையும் சாம்பலாக்கிவிடும். வெளிச்ச அளவைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் கொம்பன்சேஷனை முக்கால் முதல் ஒன்றே கால் ஸ்டொப் வரை கூட்டி எடுங்கள். இருட்டையும் வெளிச்சத்தையும் இடமிருந்து வலமாகக் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமின் மேடு வலப்பக்கம் நகர வேண்டும், ஆனால் வலது ஓரச் சுவரில் முட்டக்கூடாது. இருட்டாக எடுத்துப் பிறகு தூக்கினால் நிழல்களில் புள்ளி புள்ளியாக நொய்ஸ் வரும். மாநிற முகங்களும் கறுத்த முகங்களும்தான் அதனால் முதலில் கெடும்.

திருத்தும்போது ஒழுங்கு முக்கியம். முதலில் வெள்ளைச் சமநிலை, அதாவது வெள்ளை வெள்ளையாகவே தெரியும்படி நிறத்தைச் சரிசெய்வது. மூட்டத்தின் வெளிச்சம் நீலம் சார்ந்தது, 6500 கெல்வின் பக்கம் வைத்துப் பாருங்கள். பிறகு வெளிச்சம், அதன் பிறகு கறுப்புப் புள்ளி. பல நேரம் கறுப்பைக் கொஞ்சம் இறக்கினாலே படம் எழுந்து நிற்கும், டீஹேஸ் தேவைப்படாது. தேவைப்பட்டாலும் முன்னால் நிற்கும் ஆட்களுக்கும் செடிகளுக்கும் மட்டும் மாஸ்க் (திருத்தம் படவேண்டிய பகுதியைப் பிரித்துக் காட்டும் வரம்பு) போட்டு 10, 15 அளவில் கொடுங்கள். லைட்ரூமிலும் இலவச மென்பொருளான டார்க்டேபிளிலும் இதைச் செய்யலாம். பின்னால் இருக்கும் மலையைத் தொடாதீர்கள். அந்த மூட்டத்துக்காகத்தானே காலை ஐந்து மணிக்கு எழுந்து போனீர்கள்.

"கமராவில பார்க்கும்போது நல்லா இருந்துச்சு, கணினியில போட்டதும் செத்துப்போச்சு"

படம் சாகவில்லை. ரோ என்பது கமரா சமைக்காமல் அப்படியே தரும் ஃபைல். அதற்குள் கமரா தானே சமைத்த ஒரு சிறு ஜேபெக் இருக்கிறது. கமராத் திரையில் தெரிவது அது. கணினியிலும் முதல் சில விநாடி அதுவே தெரியும். பிறகு மென்பொருள் ரோவைத் தன் முறையில் வரைந்து காட்டும்போது நிறம் இறங்குவது போலத் தோன்றும். லைட்ரூமில் ப்ரொஃபைல் பட்டியலைத் திறந்து, கமராவோடு பொருந்தும் ப்ரொஃபைல்களில் 'கமரா ஸ்டாண்டர்ட்' தெரிவு செய்தால் கிட்டத்தட்ட அதே தோற்றம் திரும்பும். உள்ளே இருக்கும் தகவல் குறையவில்லை: ஜேபெக்கில் ஒரு நிறத்துக்கு 256 படிகள், 14 பிட் ரோவில் 16,384 படிகள். கல்யாணத்துக்கு ரோவில் எடுங்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

"கொழுந்து பிளாஸ்டிக் பச்சையா வருது, பச்சையைக் குறைச்சாலும் குறையல"

பச்சை ஸ்லைடரை இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டு மென்பொருளை மாற்ற வருவார்கள். இளங்கொழுந்து நம் கண்ணுக்குப் பச்சை. மென்பொருளின் கணக்கில் அதில் பெரும்பகுதி மஞ்சள். மஞ்சளின் செறிவை 10, 15 குறைத்து, அதன் வெளிச்சத்தையும் சற்று இறக்கிப் பாருங்கள். பிறகு பச்சைக்கு வாருங்கள். முற்றிய இலையின் கரும்பச்சை அப்படியே நிற்க, கொழுந்து மட்டும் அடங்கும். விவிட், லேண்ட்ஸ்கேப் போன்ற பளிச் ப்ரொஃபைல்களை இந்த மலைகளுக்குப் போடவே வேண்டாம். அவை வெயில் குறைந்த நாடுகளின் மங்கல் புல்லுக்கு உதவலாம், மழைக்குப் பிறகான தேயிலைக்கு அதிகம்.

ஒரு எச்சரிக்கை. மஞ்சளைப் பொதுவாகக் குறைத்தால் தாலிக் கயிறு, நகை, முகத்தில் பூசிய மஞ்சள் எல்லாம் வெளுத்துவிடும். மலைக்குத் தனி மாஸ்க், ஆளுக்குத் தனி மாஸ்க்.

சிவப்பிலும் இதே மாதிரி ஒரு கண்ணி உண்டு. கூறைச் சேலையும் குங்குமமும் மடிப்பே தெரியாமல் ஒரே திட்டாக வந்தால் சிவப்புச் சேனல் நிரம்பி வழிந்துவிட்டது. சாதாரண ஹிஸ்டோகிராம் மூன்று நிறத்தையும் கூட்டிக் காட்டுவதால் அது சரி என்றே சொல்லும். கமராவில் மூன்று நிறமும் பிரிந்து தெரியும் ஹிஸ்டோகிராமை வைத்து, சிவப்பு வலச் சுவரில் முட்டினால் எடுக்கும்போதே குறைத்துக்கொள்ளுங்கள். ரோவில் இருந்தால் கொஞ்சம் மீட்கலாம். மண்டப மேடையில் ஊதா எல்இடி வெளிச்சம் அடித்திருந்தால் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். அந்தப் படத்தைக் கறுப்பு வெள்ளையாக்குவதே மணமக்களுக்குச் செய்யும் மரியாதை.

"காமன் கூத்துப் படத்தில ஒரு பக்கம் நெருப்பு நிறம், மறுபக்கம் நீலம்"

மாசி மாத இரவில் லயத்து (தோட்டத்து வரிசை வீடுகளின்) முற்றத்தில் ஆடும்போது தீப்பந்தத்தின் வெளிச்சம் 2000 கெல்வினுக்குக் கிட்ட இருக்கும். லயத்துக் கதவு மேல் எரியும் டியூப் லைட் 6500 பக்கம். ஒரே வெள்ளைச் சமநிலை இரண்டையும் சரியாக்காது. ஆட்டக்காரரின் முகத்துக்கு 3000க்கும் 3500க்கும் இடையில் வையுங்கள். நெருப்பை முழு வெள்ளையாக்கினால் கூத்தே போய்விடும். நீலம் விழுந்த பகுதிக்கு மாஸ்க் போட்டு அங்கே மட்டும் வெப்பத்தைக் கூட்டி, செறிவைக் குறையுங்கள். ஒரு படத்தில் இதைப் பொறுமையாகச் செய்து, அதே இடத்தில் எடுத்த மற்றப் படங்களுக்கும் அதே திருத்தம் போக சிங்க் கொடுத்துவிடலாம். மாஸ்க் மட்டும் படத்துக்குப் படம் கொஞ்சம் நகர்த்த வேண்டியிருக்கும்.

"லைட்ரூம் என் படத்தையெல்லாம் அழிச்சிடுச்சு"

சிறுபடத்தின் மூலையில் ஆச்சரியக்குறி, ஃபோல்டரில் கேள்விக்குறி. இதைப் பார்த்து அழுத தம்பியை நான் பார்த்திருக்கிறேன். முதலில் மூச்சு விடுங்கள்.

லைட்ரூமின் கெட்டலொக், ஆட்களின் வேலையைப் பதியும் தோட்டத்துச் செக்ரோல் மாதிரி. அதில் பெயர் இருக்கும், வேலை இருக்கும், ஆள் இருக்க மாட்டார். படம் உங்கள் டிஸ்கில் இருக்கிறது. அது எந்தப் பாதையில் இருக்கிறது, என்ன திருத்தம் செய்தீர்கள் என்பது மட்டும் கெட்டலொக்கில் எழுதப்பட்டிருக்கிறது. வெளியே எக்ஸ்ப்ளோரரில் ஃபோல்டரை நகர்த்தினாலோ பெயரை மாற்றினாலோ செக்ரோலுக்குத் தெரியாது. விண்டோஸில் வேறு சொக்கெட்டில் ஹார்ட் டிஸ்கை மாட்டி, நேற்று ஈ என்று இருந்த டிரைவ் இன்று எஃப் ஆனாலும் இதே கதைதான்.

கேள்விக்குறி உள்ள ஃபோல்டரை வலது கிளிக் செய்து, 'ஃபைண்ட் மிஸ்ஸிங் ஃபோல்டர்' கொடுத்து உண்மையான இடத்தைக் காட்டுங்கள். எல்லாம் திரும்பி வரும். தயவுசெய்து அந்தப் படங்களை மறுபடி இம்போர்ட் செய்யாதீர்கள். அப்படிச் செய்தால் புதிய படமாக வந்து நிற்கும், பழைய திருத்தம் ஒட்டாது. டிஸ்க் மெனேஜ்மென்டில் அந்த டிரைவுக்கு நிரந்தர எழுத்துக் கொடுத்துவிடுங்கள். இனி நகர்த்துவதானால் லைட்ரூமுக்குள்ளேயே நகர்த்துங்கள். கெட்டலொக் செட்டிங்கில் திருத்தங்களை எக்ஸ்எம்பி என்ற சிறு துணை ஃபைலிலும் எழுதும் தெரிவை இயக்கி வைத்தால் கெட்டலொக் கெட்டாலும் திருத்தம் படத்தின் பக்கத்திலேயே இருக்கும். டார்க்டேபிள் இதை வழக்கமாகவே செய்கிறது.

நான் வைத்திருக்கும் ஒழுங்கு இது. வருடத்துக்கு ஒரு ஃபோல்டர், அதற்குள் தேதியில் தொடங்கும் நிகழ்வின் பெயர். ஃபோல்டர் பெயரை மட்டும் ஆங்கில எழுத்தில் வைக்கிறேன், பிரின்ட் கடையின் பழைய கணினியில் தமிழ்ப் பெயர் கேள்விக்குறிகளாக மாறியதைப் பார்த்திருக்கிறேன். உள்ளே போடும் குறிச்சொற்கள் எல்லாம் தமிழ். தோட்டத்தின் பெயர், டிவிஷன், திருவிழா, ஆட்களின் பெயர் என்று எழுதி வைப்பேன்.

பிரதி பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. ஒரு ஒக்டோபர் பின்னேரம், இடி முழங்கிக்கொண்டிருந்தபோது, வெளி ஹார்ட் டிஸ்கைக் கழற்றாமல் தேத்தண்ணீர் குடிக்கப் போனேன். மின்னல் விழுந்தது. அதோடு அந்த டிஸ்க் எழவில்லை. மூன்று வருடத் தேர்த் திருவிழாக்கள் அதில் இருந்தன. சில மாதம் கழித்து ஒரு குடும்பம் வந்தது. அவர்களுடைய பாட்டி இறந்துவிட்டார், தேர் அன்று நான் எடுத்த படம்தான் அவருடைய ஒரே நல்ல படம், அஞ்சலிப் பதாகைக்கு வேண்டும் என்றார்கள். என்னிடம் இல்லை. அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கிக் கொடுத்தேன். 1823இலிருந்து கணக்கு வைத்தால் 200 வருடம் தாண்டிவிட்ட நம் மக்களில் எத்தனை வீட்டில் தாத்தாவின் தாத்தா படம் இருக்கிறது? இருப்பதையாவது நாம் தொலைக்கக்கூடாது.

மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், அதில் ஒன்று வேறு வீட்டில். என் மூன்றாவது டிஸ்க் தங்கச்சி வீட்டு அலுமாரியில் இருக்கிறது. மாசக் கடைசியில் போய் மாற்றி வைப்பேன். மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேர இடி வழக்கம். வானம் இருண்டால் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். யூபிஎஸ் இருந்தாலும் கழற்றுங்கள்.

"புதுக் கமரா வாங்கினேன், ரோ திறக்கல. எந்த மென்பொருள் வாங்கட்டும்?"

கெனன் 2018இல் சிஆர்3 என்ற புது ரோ வகையைக் கொண்டுவந்தது. ஒரே தடவை காசு கொடுத்து வாங்கும் கடைசி லைட்ரூமான 6க்கு 2017 டிசெம்பரோடு அப்டேட் நின்றுவிட்டது. ஆகவே புதுக் கமராவின் படம் அதில் திறக்காதுதான். அடோபியின் டிஎன்ஜி கன்வேர்ட்டர் இலவசம். அதில் மாற்றிக்கொண்டால் பழைய லைட்ரூமும் படிக்கும்.

புதிதாகத் தேர்ந்தெடுப்பவருக்கு என் கருத்து இதுதான். முதலில் கமரா நிறுவனமே இலவசமாகத் தருவதைப் போட்டுப் பாருங்கள்: கெனனுக்கு டிஜிட்டல் போட்டோ ப்ரொஃபெஷனல், நிக்கனுக்கு என்எக்ஸ் ஸ்டூடியோ, சோனிக்கு இமேஜிங் எட்ஜ். நிறம் கமராவில் பார்த்தபடியே வரும். மாதம் ஒன்றிரண்டு நிகழ்ச்சிதான் என்றால் இதுவே போதும்.

கல்யாணத்துக்கு இரண்டாயிரம் படம் எடுத்து, அதிலிருந்து நானூறைப் பொறுக்கி ஒரே தோற்றத்துக்குக் கொண்டுவருவதுதான் வேலை என்றால் லைட்ரூம் கிளாசிக்கின் வேகத்துக்கு ஈடு குறைவு. ஆனால் அது டொலர் சந்தா. 2022இல் 200 ரூபா அளவில் இருந்த டொலர் சில மாதத்தில் 350ஐத் தாண்டியபோது எத்தனை பேர் சந்தாவை நிறுத்தினார்கள் என்று இங்கே தொழிலில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும். சந்தா நின்றால் பழைய படங்களைப் பார்க்கலாம், ஏற்றுமதி செய்யலாம். டெவலப் பகுதி பூட்டிக்கொள்ளும். இதைத் தெரிந்துகொண்டு இறங்குங்கள்.

காசு செலவழிக்க முடியாத, ஆனால் கற்கப் பொறுமை உள்ள தம்பி தங்கைகளுக்கு டார்க்டேபிள் சொல்வேன். முதல் இரண்டு வாரம் கடினம், மாஸ்க் வசதி அருமை. ரோ தெரபி அதைவிட நேரடியானது. கிம்ப் ரோவைத் தானாகத் திறக்காது, இவை இரண்டில் ஒன்றைத் துணைக்கு அழைக்கும். ஓட்டை அடைப்பது, பின்னணி மாற்றுவது, எழுத்துப் போடுவது போன்றவற்றுக்கு கிம்ப் நல்லது. பென்டிரைவில் சுற்றும் கிராக் பதிப்புகளைத் தொடாதீர்கள். அதோடு சேர்ந்து வரும் வைரஸ் அடுத்தவர் கல்யாணப் படத்தைத் தின்றுவிட்டால் அந்த வீட்டுக்கு என்ன பதில் சொல்வீர்கள்?

மென்பொருள் மாறும்போது திருத்தம் கூட வராது. நட்சத்திரமும் குறிச்சொல்லும் எக்ஸ்எம்பியில் வரலாம், நிறத் திருத்தம் வராது. முடித்த நல்ல படங்களை 16 பிட் டிஃப் (எந்த மென்பொருளும் திறக்கும் பட வகை) ஆக எடுத்துவைத்துவிட்டு மாறுங்கள்.

கணினி இழுக்கிறது என்பவருக்கு: மென்பொருளை மாற்றுவதற்குப் பதில் எஸ்எஸ்டி என்ற வேகமான டிஸ்கைப் போடுங்கள். கெட்டலொக்கும் ப்ரிவியூவும் எஸ்எஸ்டியில், படங்கள் வெளி டிஸ்கில். ஸ்மார்ட் ப்ரிவியூ உருவாக்கி வைத்தால் 2560 பிக்சல் சிறு பிரதியை வைத்தே திருத்தலாம், வெளி டிஸ்கைக் கழற்றிவிட்டுக்கூட.

"பிரின்ட் போட்டா இருட்டா வருது"

இரவில், விளக்கை அணைத்துவிட்டு, திரை வெளிச்சத்தை முழுக்க ஏற்றி வைத்துத் திருத்தியிருப்பீர்கள். திரையில் எல்லாம் பளிச்சென்று தெரிந்ததால் படத்தை இருட்டாக்கியிருப்பீர்கள். அளவுக் கருவி இல்லாவிட்டால் பகலில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, வெறும் வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திரையில் திறந்து, பக்கத்தில் ஒரு ஏ4 தாளைப் பிடியுங்கள். இரண்டும் ஒரே வெண்மையாகத் தெரியும் வரை திரையைக் குறையுங்கள். திரையை மஞ்சளாக்கும் நைட் லைட்டை அணைத்துவிடுங்கள்.

ஃபைலை எஸ்ஆர்ஜிபி என்ற பொதுவான நிற அளவில் ஏற்றுமதி செய்யுங்கள். அடோபி ஆர்ஜிபியில் கொடுத்தால் நிறம் படிக்கத் தெரியாத கடைக் கணினியில் முகம் வெளுத்துப் போகும். 8க்கு 12 அங்குலத்துக்கு 2400க்கு 3600 பிக்சல் வேண்டும். ஆல்பம் முழுதும் கொடுக்குமுன் 4க்கு 6இல் ஐந்து படம் அடித்துப் பாருங்கள். வாட்ஸ்அப்பில் கடைக்கு அனுப்புவதானால் படமாக அனுப்பாமல் டொகியுமென்டாக அனுப்புங்கள். படமாக அனுப்பினால் சுருங்கிவிடும்.

ஆல்பத்தில் தமிழ் எழுத்து உடைந்து, கொம்பும் காலும் இடம் மாறி வந்தால் போட்டோஷொப்பின் டைப் செட்டிங்கில் தெற்காசிய மொழிகளுக்கான தெரிவை இயக்கிவிட்டு, பழைய பாமினி எழுத்துருவை விட்டு யூனிகோட் எழுத்துருவுக்கு மாறுங்கள். கிம்பில் இந்தத் தொல்லை இல்லை. மணமகளின் பெயர் பிழையாக அச்சானால் அது அந்த வீட்டில் ஐம்பது வருடம் இருக்கும்.

"கார்டைப் போட்டா ஃபோர்மட் செய்யச் சொல்லுது"

செய்யாதீர்கள். அந்தக் கார்டில் இனி ஒரு படமும் எடுக்காதீர்கள், பக்கத்து லொக்கை இறக்கி எழுத முடியாதபடி ஆக்குங்கள். வேறு கார்ட் ரீடரில் ஒருமுறை முயலுங்கள், பல நேரம் ரீடர்தான் பிழை. அதற்கும் திறக்காவிட்டால் போட்டோரெக் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. மீட்கும் படங்களை வேறு டிஸ்கில் இறக்கச் சொல்லுங்கள், அதே கார்டில் வேண்டாம். ஃபைல் பெயர் எல்லாம் மாறி வரும், தேதி வைத்து அடுக்கிக்கொள்ளலாம். வழக்கமான விலையில் கால் பங்குக்குக் கிடைத்த 128 ஜிபி கார்ட் என்றால், உள்ளே உண்மையில் அவ்வளவு இடம் இருக்கிறதா என்று எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற சோதனை மென்பொருளில் முழுக்க எழுதிச் சோதித்த பிறகே நிகழ்ச்சிக்கு எடுத்துப் போங்கள்.

இரண்டு கார்ட் போடும் கமரா என்றால் இரண்டிலும் ஒரே படம் விழும்படி வையுங்கள். ஒரே கார்ட் என்றால் தாலி கட்டியதும் கார்டை மாற்றிப் பையில் போட்டு, சாப்பாட்டுப் பந்திக்குப் புதுக் கார்டோடு போங்கள். படங்கள் இரண்டு டிஸ்கில் இறங்கி, ஒவ்வொன்றிலும் சிலதைத் திறந்து பார்த்த பிறகு, கார்டைக் கமராவில் வைத்தே ஃபோர்மட் செய்யுங்கள்.